மாமி கொடுத்த பால்

போன செவ்வாய்க்கிழமை ஏறாவூரில் நான் ஒரு கலியாணத்தைக் குழப்பிவிட்டேன். மாப்பிள்ளைக்கு வயது ஐந்து மாதம். பெண்ணுக்கு மூன்று!

சிரிக்காதீர்கள்... நடந்ததைக் கேளுங்கள்.

நாங்கள் சில பெண்கள் சேர்ந்து கைக்குழந்தை உள்ள வீடுகளுக்குப் போய்வருவது உங்களில் பலருக்குத் தெரியும். பெரிய சேவை ஒன்றும் இல்லை. தாய் காய்ச்சலில் கிடந்தால் கஞ்சி வைப்போம், பிள்ளையைக் குளிப்பாட்டுவோம், துணி அலசுவோம். "சம்பளமில்லாத வேலைக்காரி" என்று என் வீட்டுக்காரர் பட்டம் தந்திருக்கிறார். தந்துவிட்டுப் போகட்டும்!

அன்று மாட்டுக் கரத்தையில் இடுப்பு ஒடிய, தன்னாமுனை தாண்டிப் போய் இறங்கியது ஒரு நெசவாளி வீட்டில். சுபைதா என்ற இளம் தாய் மலேரியாக் காய்ச்சலில் பாயோடு பாயாகக் கிடந்தாள். பால் வற்றிவிட்டது. புருஷன் கொயினா மருந்து தேடி மட்டக்களப்புக்குப் போயிருந்தான். பிள்ளை அழுது அழுது, இனி அழத் தெம்பில்லாமல் முனகியது. அந்த முனகல்தான் என்னைப் பயமுறுத்தியது.

இந்த யுத்த காலத்தில் தகர டப்பாவில் வரும் ரின்பால் குதிரைக்கொம்பு. எப்படியோ ஒன்று தேடிக் கொண்டுபோயிருந்தேன். கரைத்துப் புகட்டினால்... துப்பியது. மறுபடி புகட்டினேன். மறுபடியும் துப்பியது.

பக்கத்திலேயே சுபைதாவின் மதினி பாத்தும்மா — புருஷனின் அக்கா — தன் கொழுகொழு மகனுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கிறாள்! எனக்கு வந்ததே ஆத்திரம்.

"ஏன் புள்ள, இதுக்கும் ரெண்டு வாய் குடுத்தா நீ குறைஞ்சா போயிடுவாய்?" என்று கேட்டேவிட்டேன்.

பாத்தும்மா தலையைக் குனிந்துகொண்டாள். பதறியது சுபைதாதான். "வேணா டீச்சர்! குடுத்தா ரெண்டு பேரும் காக்காவும் தங்கச்சியுமாகிப் போவாங்க. பொறகு கலியாணம் முடிக்க ஏலா."

அப்போதுதான் விளங்கியது. ஒரே தாயிடம் பால் குடித்தவர்கள் அவர்களுடைய மார்க்கத்தில் உடன்பிறப்புகள்; காக்கா என்றால் அண்ணன். ஓரிரு தடவை என்றால் பாதகமில்லையாம். ஆனால் காய்ச்சல் எப்போது விடும் என்று யார் கண்டது? பெண் பிறந்த அன்றே மாமி பாத்தும்மாவின் மகனுக்கு என்று பேசி வைத்துவிட்டார்களாம்.

"பிள்ளையின்ட உசிரைவிடப் பேச்சா பெரிசு?" என்றேன்.

"மத்த ஆக்கள் சீதனமா வீடு கேப்பாங்க, வளவு காணி கேப்பாங்க. எங்கிட்ட என்ன இரிக்கி? மதினிதான் ஒண்டும் கேக்காம எடுப்பா..." சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

எங்கள் பக்கத்தில் மட்டும் வீடு கொடுக்காமல் யார் பெண்ணைக் கரையேற்றினோம்?

பாத்தும்மா மகனைப் பாயில் கிடத்தினாள். என் மடியிலிருந்த பிள்ளையை வாங்கிக்கொண்டாள்.

"பொண்ணு இரிந்தாத்தானே சுபைதா, கலியாணம்?"

அவ்வளவுதான் சொன்னாள். கொஞ்ச நேரத்தில் சேலைத் தலைப்புக்குள் சப்புச் சப்பென்று சத்தம். அப்பாடா! நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். சுபைதா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் வேண்டாமென்று மறுபடி சொல்லவில்லை.

என்றோ வரப்போகும் மாப்பிள்ளைக்காக இன்றைக்குப் பிள்ளையைப் பட்டினி போடுவதா — இப்படிக் கேட்பது சுலபம். உதவி செய்ய வந்தவர்களுக்கு எல்லாமே சுலபம்தான். வந்த கரத்தையிலேயே வீட்டுக்குத் திரும்பிவிடுவோம். மகளைக் கரையேற்ற வேண்டியவள் அங்கேயே அல்லவா இருக்கிறாள்?

நேற்று மறுபடி போனேன். இத்தனை நாளும் பிள்ளைக்குப் பாத்தும்மாவின் பால்தானாம். காய்ச்சல் விட்டுவிட்டது! சுபைதா எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடிக்கிறாள். பிள்ளை என் விரலைப் பிடித்தது பிடித்ததுதான், விடவே இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. சந்தோஷத்தில்தான்.

ஆனாலும் தாய் மனசு... "இனி எண்ட மகளை வீடு வாசல் கேக்காம ஆரு டீச்சர் எடுப்பா?" என்றாள்.

பாத்தும்மா விடுவாளா? ஏணைத் தொட்டிலில் கிடந்த தன் மகனைக் கையால் காட்டினாள். "ஏன், அவளுக்குக் காக்கா ஒருத்தன் இல்லையா? தறியில இரிந்து உழைச்சு, தங்கச்சிக்கு அவன் வீடு கட்டுவான்!"

மாப்பிள்ளைப் பதவி போய், தலையில் இப்படியொரு பொறுப்பு! பாவம்... அண்ணனுக்கு இன்னும் பல்லே முளைக்கவில்லை.