மூன்று ஷிப்டும் ஆள் இருந்தோம்

கில்ட் தலைவரே, நீங்கள் பலகையில் ஒட்டியிருப்பது பொய். பொய் என்று தெரிந்தே அதை எடுக்காமல் வைத்திருக்கிறீர்கள்.

விளையாட்டைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். மந்திரவாதி, வாள்வீரன் என்று ஆளுக்கொரு வேடம் போட்டு, இணையத்தில் ஊர் ஊராக ஆட்கள் சேர்ந்து பூதங்களை அடிக்கிற ஆட்டம். சேர்ந்து ஆடுகிற கூட்டத்துக்குக் கில்ட் என்று பெயர். எங்கள் வேடம் வைத்தியக்காரி. அடிபட்டவர்களுக்கு உயிர் ஏற்றுவதுதான் அவள் வேலை.

அவளை ஓட்டியவர்கள் நாங்கள் மூன்று பெண்கள். கும்மிடிப்பூண்டியில் ஒரே கம்பெனியில் வண்டிகளுக்கு ஒயர் கட்டுகிறோம். புதுவாயலில் ஒரே அறை. நான் பொதட்டூர்பேட்டைக்காரி. இளையவள் பழவேற்காட்டில் மீன்பிடிக்கிற வீட்டுப் பெண். மூத்தவள் வேப்பம்பட்டு, அக்கா என்போம். மூவருக்கும் வேறு வேறு ஷிப்ட். ஒருத்தி வேலையில் இருந்தால் ஒருத்தி தூங்குவாள், ஒருத்தி ஆடுவாள். அதனால் வைத்தியக்காரி எந்நேரமும் களத்தில் நின்றாள். ஆட்டத்தில் ஒருவர் பெயரில் திறந்த கணக்கை மூன்று பேர் ஓட்டுவது விதிக்கு விரோதம். தெரிந்துதான் செய்தோம். ஆளுக்கொன்று வளர்த்தால் மூன்றும் நோஞ்சானாக நிற்கும் என்று ஒன்றையே வளர்த்தோம். அதற்குத் தண்டனை என்றால் வாங்கிக்கொள்கிறோம்.

கம்பெனியில் ஷிப்ட் மாறும்போது ஒரு நோட்டில் பாக்கியையும் பழுதையும் எழுதி அடுத்தவரிடம் ஒப்படைப்போம். அறையிலும் அப்படியே ஒரு நோட்டு போட்டோம். ‘மூலிகை தீர்ந்துவிட்டது. குகை வாசலில் நிற்கிறாள். கேடயக்காரன் திட்டுவான், கண்டுகொள்ளாதே.’ மூவரும் ஒரே ஆளாகத் தெரிய வேண்டுமே என்று, யார் என்ன கேட்டாலும் சொல்ல வேண்டிய பதிலை அக்கா முதல் பக்கத்தில் எழுதி வைத்தாள்: ‘சரிங்க, பாத்துக்கறேன், நீங்க முன்னாடி போங்க.’ அதைத்தான் தட்டுவோம். மைக்கில் பேச மாட்டோம். முன்பிருந்த கில்டில் இளையவள் ஒரு தடவை வாய் திறந்ததற்கு, சண்டையை விட்டுவிட்டு போட்டோ கேட்டார்கள்.

ஒருநாள் நீங்கள் மூன்று ஷிப்டிலும் வந்து ஒரே கேள்வியைக் கேட்டீர்கள். ‘நீ மனுஷன்தானா?’ மூவரும் முதல் பக்கத்தைப் பார்த்து அதே வரியைத் தட்டினோம். நானும் யோசிக்கவில்லை. நீங்கள் கேட்டதை ஒருத்தியும் நோட்டில் எழுதவில்லை. பதில் சொல்லியாகிவிட்டது, பிறகு அதில் என்ன பாக்கி?

மறுநாள் கில்ட் பலகையில் உங்கள் அறிவிப்பு. ‘வைத்தியக்காரி பாட். வெறும் புரோகிராம். பின்னால் மனுஷன் இல்லை.’ கூடவே விளையாட்டுக் கம்பெனிக்கும் புகார் அனுப்பினீர்கள். அவர்கள் கணக்கைப் பூட்டிவிட்டார்கள்.

“இன்னாடி இது, நம்மள மிஷினுன்றான்?” என்றாள் அக்கா.

“நல்லதாப் போச்சிக்கா,” என்றாள் இளையவள். “இனிமே கேன்டீன் சாம்பாரு வேணாம். ரெண்டு சொட்டு எண்ணெ ஊத்தச் சொல்லு.”

“சிரிக்காதடி. ஃபேக்டரிலயும் மிஷினு, இங்கயும் மிஷினா? எனக்கு வயிறு எரியுது.”

எனக்கும் எரிந்தது. வேலையில் நிமிடத்துக்கு இத்தனை ஒயர் என்று எங்கள் கையை அளக்கிறார்கள். அந்த ஆட்டத்தில்தான் யாரைக் காப்பாற்றலாம், யாரைக் கொஞ்ச நேரம் சாக விடலாம் என்று நாங்களே முடிவு செய்தோம்.

வார விடுமுறையில் இளையவள் புதுக் கணக்கு ஒன்று திறந்தாள். முதல் தடவையாக உங்கள் கில்டில் மைக்கைப் போட்டு, மூவரும் மாறி மாறிப் பேசினோம். எந்தக் குகையில், எந்தச் சண்டையில் உங்களுக்கு உயிர் ஏற்றினோம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னோம். உடனே எங்களை வெளியே தள்ளினீர்கள். பத்து நிமிடம் கழித்துத் தனியாகக் கூப்பிட்டீர்கள்.

“தப்பாயிடுச்சி சிஸ்டர். நீங்க மூணு பேர்னு எனக்கு எப்படித் தெரியும்?”

“இப்பத் தெரிஞ்சிதுல்ல? எடுங்க அந்த நோட்டீஸ,” என்றேன்.

“எடுத்தா என்னை எவன் மதிப்பான்? சாரிதான் சொல்லிட்டனே. விட்டுடுங்க.”

“இன்னாத்துக்கு விடணும்? ஊருக்கே கேக்கற மாதிரி திட்டிட்டு காதுல வந்து சாரி சொல்றியா?” அக்கா என் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கிக் கத்தினாள். நீங்கள் அழைப்பைத் துண்டித்தீர்கள்.

எழுதியபோது அது தவறு. தெரிந்த பிறகும் அது அங்கேயே இருப்பதால் பொய். பூட்டிய கணக்கை உங்களால் திறக்க முடியாது, அது எனக்கும் தெரியும். பலகை உங்கள் கையில்தான் இருக்கிறது.

காதுக்குள் சொன்ன மன்னிப்பு எங்களுக்கு வேண்டாம். அதே பலகையில், அத்தனை பேரும் படிக்கிற மாதிரி, உங்கள் பெயரைப் போட்டு எழுதுங்கள்: வைத்தியக்காரிக்குப் பின்னால் ஆள் இருந்தார்களா, இல்லையா?