போர் தொடங்க ஒரு நாள் இருந்தபோது

நான் வேலை பார்த்த டெஸ்ட்ராயர் கப்பலின் போர்க்கால வரலாற்றை யாரோ புத்தகமாகப் போட்டிருக்கிறார்கள் என்று போன வருஷம் ஆடி மழையில் தெரிந்தது. கப்பல் இப்போது இல்லை. உடைத்து இரும்பாக விற்றே பல வருஷம் ஆகிவிட்டது. பாய்லர் ரூமில் என்னோடு நின்றவர்களிலும் உயிரோடு இருப்பது நானும் பந்தலூரில் ஒருவரும்தான்.

புத்தகத்தை வரவழைக்கச் சொன்னது ஜெகதளாவில் இருக்கும் அக்கா. அவர் என் கூடப் பிறந்தவர் அல்ல. என் சிநேகிதனுடைய அக்கா. அவனும் நானும் ஒரே பள்ளிக்கூடம். ஒரே நாளில் கடற்படையில் சேர்ந்தோம், ஒரே கப்பலில் போட்டார்கள். அவன் திரும்பி வரவில்லை.

போரில் செத்தவர்களுக்கு இங்கே குன்னூரில் ஒரு நினைவுக் கல் இருக்கிறது. அதில் அவன் பேர் கிடையாது. விட்டுப்போச்சு, எழுதிப் போட்டால் சேர்ப்பார்கள் என்று முதலில் அவனுடைய அம்மா மனு கொடுத்தார். அவர் போன பிறகு அக்கா கொடுத்துக்கொண்டிருக்கிறார். புத்தகத்தில் பேர் அச்சாகியிருந்தால் அதைவிட என்ன ஆதாரம் வேண்டும் என்பது அவர் நினைப்பு.

நான் அவருக்குச் சொல்லாத ஒன்று உண்டு. அவன் போரில் சாகவில்லை.

துறைமுகத்தை விட்டுக் கிளம்பியபோது குண்டுகள் ஏற்றியாகிவிட்டது. எங்கே போகிறோம் என்று எங்களுக்குச் சொல்லவில்லை. முழு வேகத்தில் போகணும் என்பது மட்டும் உத்தரவு. பழைய பாய்லர் அந்த வேகத்தைத் தாங்கவில்லை. மத்தியானம், சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால், நீராவிக் குழாய் ஒன்று வெடித்துவிட்டது. அந்தச் சூட்டில் நீராவி கண்ணுக்குத் தெரியாது, சீறுகிற சத்தம் மட்டும்தான். எந்தப் பக்கம் என்று பார்க்கத் திரும்பிய என் சிநேகிதன் அந்த நீராவிக்குள்ளேயே போய்விட்டான். நான் இழுத்தேன். கையில் வந்ததை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, இங்கேயும் எழுதப்போவதில்லை.

கப்பல் திரும்பவில்லை. சாயங்காலம் துணியில் சுற்றி அவனைக் கடலில் இறக்கினோம். மறுநாள்தான் போர் என்று ரேடியோவில் சொன்னார்கள்.

பணியின்போது இறந்தார் என்று அவன் வீட்டுக்கு இங்கிலீஷில் கடிதம் போனது. அதைப் படிக்க அந்த வீட்டில் ஆள் இல்லை. நான் தமிழில் ஒன்று எழுதினேன். வெந்து செத்தான் என்று ஒரு தாய்க்கு எப்படி எழுதுவது? எதிரியின் குண்டு பட்டது, வலி தெரியாமல் போய்விட்டான் என்று எழுதினேன். எனக்கு அப்போது இருபது வயது. அந்தக் கடிதத்தைத்தான் அவர்கள் நம்பினார்கள்.

புத்தகம் வந்ததும் குன்னூரிலிருந்து பஸ் ஏறிப் போனேன். அக்காவுக்குப் பார்வை மங்கிவிட்டது. புத்தகத்தை மடியில் வைத்துத் தடவிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

"தம்பி, என்ற கூடப்பொறந்தவன் பேரு வர்ற எடத்தை மட்டும் படிங்க."

நான் வரும்போதே புரட்டிவிட்டேன். போர் அறிவித்த நாளிலிருந்துதான் புத்தகமே ஆரம்பிக்கிறது. கடைசிப் பக்கத்தில் ஒரு வரி: போர்க்காலம் முழுவதும் இந்தக் கப்பலில் உயிரிழப்பு ஏதும் இல்லை.

இன்னொரு பொய்யைச் சொல்லிவிட்டு எழுந்திருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அவர் அதையும் எடுத்துக்கொண்டு ஏதாவது ஒரு ஆபீஸ் வாசலில் போய் நிற்பார்.

"பேரு இல்லீங்க்கா," என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன், குழாயையும் மறுநாள்தான் போர் தொடங்கியதையும் என் கடிதத்தையும்.

அவர் அழவில்லை. "ஒரு நாளுங்களா?" என்று கேட்டார்.

"ஒரு நாள்தானுங்க்கா."

"போருக்குத்தானே கூட்டிட்டுப் போனாங்க?"

"ஆமாங்க்கா."

அந்தக் கேள்வியை அப்படியே எழுதிப் புத்தகம் போட்டவர்களுக்கு அனுப்பினேன். ஒருவர் போனில் கூப்பிட்டு மரியாதையாகப் பேசினார். "உங்க வருத்தம் புரியுதுங்க ஐயா. ஆனா அன்னிக்குப் போர் இல்லையே. அது விபத்துதான். அங்க இருந்த இன்னொருத்தர் எழுதிக் கொடுத்தா, அடுத்த பதிப்புல ஒரு குறிப்பாவது சேர்க்க முடியுமான்னு பாக்கறேன்."

இன்னொருத்தர் என்றால் பந்தலூர்க்காரர்தான். கூடலூர் போய் பஸ் மாறிப் போனேன். தேயிலைத் தோட்டத்தை ஒட்டின வீட்டு முற்றத்தில் நாற்காலியில் அவரை உட்கார வைத்திருந்தார்கள். கப்பலின் பேரைச் சொன்னேன். சிரித்தார். செத்தவன் பேரைச் சொன்னேன், அதற்கும் அதே சிரிப்பு. மருமகள் வந்து, "அவருக்கு எங்களையே தெரியாதுங்க" என்றார். டீ கொடுத்தார், குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

மறுநாள் ஜெகதளாவுக்குப் போய் சாட்சி சொல்ல ஆள் இல்லை, இனிப் பேர் ஏறாது என்று அக்காவிடம் சொன்னேன்.

"அம்மா சாகும்போதுகூட, நாட்டுக்காகக் கொடுத்தேன்னு சொல்லிட்டுத்தான் கண்ண மூடுச்சு. அது பொய்யிங்களா தம்பி?"

பொய் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"நீங்க சொல்லாதீங்க. நீங்க சொன்னா இனி நான் எப்படி நம்பறது?"

அதற்குப் பிறகும் நான் போகிறேன். வாங்க என்கிறார், உட்காரச் சொல்கிறார். பச்சைத் தேயிலைக்கு விலை இல்லாததையும் தோட்டத்துக்குள் வரும் காட்டெருமையையும் பேசுகிறோம். அவன் பேரை அவர் எடுப்பதில்லை. எடுக்க எனக்குத் தைரியம் இல்லை. நாலு மணிக்கெல்லாம் பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று நானே எழுந்துவிடுகிறேன். இருங்க என்று அவரும் சொல்வதில்லை.