ஆறாம் மாடி அன்ரிக்குச் சொல்லாமல் வந்தது

செபுவானோ என்று ஒரு மொழி இருப்பது எனக்குப் பாரிசில் ரூ பெர்தொனே என்ற தெருவில் நாங்கள் குடியிருந்த கட்டடத்தின் ஆறாம் மாடியில் வைத்துத்தான் தெரிந்தது. அந்த மொழியில் எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு சொல். அதைச் சொல்ல வேண்டிய நேரத்தில் வாயை இறுக்க மூடிக்கொண்டு படியிறங்கி வந்துவிட்டேன். அப்போது எனக்கு எட்டு வயது. இன்று அதே வயதில் எனக்கு ஒரு மகள் இருக்கிறாள். வெள்ளிக்கிழமைகளில் பிள்ளையார் கோயிலில் வீட்டுக்காரர் பேருக்கு அர்ச்சனை செய்யும்போது, ஐயரிடம் சொல்லாமல் மனதுக்குள் இன்னொருவருக்காகவும் வேண்டிக்கொள்வேன். அவருடைய நட்சத்திரம் எனக்குத் தெரியாது. பிள்ளையாருக்குத் தெரிந்திருக்கும்.

நாங்கள் ஐந்தாம் மாடி. லிப்ட் கிடையாது. எங்களுக்கு மேலே கூரையோடு ஒட்டிய சின்னச் சின்ன அறைகள். அதில் ஒன்றில் பிலிப்பைன்ஸ் நாட்டுப் பெண் ஒருவர் தனியே இருந்தார். நான் அவரை அன்ரி என்று கூப்பிடுவேன். செபு என்ற தீவு அவருடைய ஊர். பணக்கார வீடு ஒன்றில் பிள்ளை பார்க்கிற வேலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓய்வு. அன்றைக்குப் பக்கத்துத் தெருவான ரூ காயில் எங்கள் ஆட்களின் கடைகளில் அரிசியும் மீனும் வாங்கிக்கொண்டு படியேறுவார். எங்கள் வாசலுக்கு வந்ததும் கதவைத் தட்டமாட்டார். நின்ற நிலையில் “ஆயோ!” என்று ஒரு குரல் கொடுப்பார்.

முதல் நாள் அம்மா கையில் அகப்பையோடு ஓடி வந்தா. ஆருக்கோ என்னவோ நடந்துவிட்டது என்று பதறிப்போனா. கதவைத் திறந்தால் அன்ரி சிரித்துக்கொண்டு நிற்கிறார்.

“விளக்கு வைக்கிற நேரத்திலை வாசல்லை நிண்டு ஐயோ எண்டு கூப்பிடுறாவே! இவவுக்கு வேறை சொல்லுக் கிடைக்கேல்லையே?” என்று அம்மா பிறகு முணுமுணுத்தா.

அப்பா ரெஸ்ரோரன்ட் குசினியில் வேலை செய்தார். “எங்களோடையும் ஒரு பிலிப்பைன்ஸ்காரன் நிக்கிறான். அது அவங்கடை ஊர் வழக்கமப்பா. வீட்டிலை ஆக்கள் இருக்கிறியளோ எண்டு கேக்கிறது” என்றார்.

வாசலில் கூப்பிடுகிற சொல் என்றுதான் நாங்கள் நினைத்தோம். பிறகு பார்த்தால் அன்ரிக்கு எல்லாவற்றுக்கும் அதுவே போதுமாக இருந்தது. அம்மாவின் மீன்குழம்பை நக்கிப் பார்த்துவிட்டு, நல்லது என்பதற்கும் அந்தச் சொல்லுக்கு முன்னால் ஒரு ‘மா’ போட்டுச் சொன்னார். நான் படியில் விழுந்து முழங்கால் உரசியபோது, காயம் ஆறிவிட்டது என்பதற்கும் அதேதான். என் பொம்மையின் கை கழன்றபோது, பிஸ்கற் ரின் ஒன்றில் வைத்திருந்த ஊசிநூலை எடுத்துத் தைத்துத் தந்து, திருத்தியாயிற்று என்பதற்கும் அதேதான். போகும்போது, கவனமாக இருங்கள் என்பதற்கு அதை இரண்டு தரம் சொல்வார். நானும் இரண்டு தரம் திருப்பிச் சொல்லாவிட்டால் படியேறமாட்டார்.

“எப்பிடி அன்ரி ஒரு சொல்லிலை இவ்வளவு?” என்று நான் பிரெஞ்சில் கேட்டேன். அவருடைய பிரெஞ்சு என்னுடையதைவிட மோசம். அதனால் இங்கிலீசுக்குத் தாவினார். “குட் மோர்னிங், குட் கேர்ள், குட் ஃபிஷ், குட்பை. வெள்ளைக்காரருக்கும் ஒண்டுதான்” என்று கையை விரித்துச் சிரித்தார். அம்மாவுக்கு நான் மொழிபெயர்த்தேன். “எங்களுக்குத்தான் வாய் ஓயாத அளவுக்குச் சொல்லு” என்றா அம்மா.

அம்மா அவரைத் தங்கச்சி என்று கூப்பிடுவா. ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. நடுவில் நான்.

ஒரு ஞாயிறு அன்ரியின் குரல் கேட்கவில்லை. மேலேயிருந்து அழுகைச் சத்தம்தான் கேட்டது. அம்மா போய்ப் பார்க்கச் சொல்லி என்னை அனுப்பினா. செபுவில் அவருடைய தாயார் இறந்துபோனதாக ரெலிபோன் வந்திருந்தது. அம்மா உடனே அடுப்பை மூட்டினா. செத்தவீட்டில் உலை வைக்கக்கூடாது, அயலட்டைதான் சாப்பாடு கொடுக்க வேண்டும். இடியப்பமும் சொதியும் கட்டி, பிளாஸ்கில் பிளேன்ரீ ஊற்றி எடுத்துக்கொண்டு படியேறும்போது எனக்குச் சொல்லித் தந்தா.

“வெளிக்கிடேக்கை போட்டு வாறம் எண்டு சொல்லக்கூடாது. செத்தவீட்டிலை சொல்லுறேல்லை. திரும்பிப் பாக்கவும் கூடாது. பேசாமல் என்ரை பின்னாலை வா. விளங்குதே?”

“ஓம்.”

“அங்கை போய் வாயைத் திறந்தியெண்டால் பார்.”

அந்தச் சின்ன அறையில் மாதா படத்துக்கு முன்னால் மெழுகுதிரி எரிந்தது. கட்டிலில் பெட்டி ஒன்று திறந்து கிடந்தது. அன்ரி அம்மாவின் தோளில் விழுந்து அழுதார். அம்மாவும் அழுதா. இருவருக்கும் அதற்கு நான் தேவைப்படவில்லை.

கொஞ்சம் ஓய்ந்தபின், நாளைக்கு விமானம், தாயின் முகம் பார்க்கப் போகிறேன் என்று அன்ரி சொன்னார். நான் அதை அம்மாவுக்குச் சொன்னேன்.

“எப்ப திரும்பி வருவாவாம்? கேள்.”

கேட்டேன். அன்ரி என் தலைமயிரைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டு, நன்றாகப் படி என்றார்.

“என்னை நல்லாப் படிக்கட்டாம்.”

“பாவம், என்ன கதைக்கிறன் எண்டும் தெரியேல்லை அதுக்கு” என்றா அம்மா.

பிறகு அன்ரி அந்தப் பிஸ்கற் ரின்னை எடுத்து என் கையில் வைத்தார். ஊசி, நூல், நிறம் நிறமாகப் பொத்தான்கள். எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. அம்மா மெதுவாக அதை வாங்கிக் கட்டிலில் வைத்தா. “செத்தவீட்டிலை இருந்து ஒண்டும் கொண்டு போறேல்லை. நீங்கள் வந்தாப்பிறகு வாங்குறம் எண்டு சொல்லு.” சொன்னேன். அன்ரி ரின்னின் மூடியைத் தடவிக்கொண்டே இருந்தார்.

அம்மா எழுந்தா, பிளாஸ்கை எடுத்தா, வெளியே நடந்தா. நான் பின்னால். அன்ரி வாசலுக்கு வந்து நின்று இரண்டு தரம் சொன்னார், ஆயோ, ஆயோ. நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன். மறுபடியும் சொன்னார். குரல் கொஞ்சம் உயர்ந்திருந்தது, எனக்குக் கேட்கவில்லையோ என்பதுபோல. நான் திரும்பிப் பார்க்கவே இல்லை. அம்மா சொன்னதைப் பிசகாமல் செய்த பெருமை எனக்கு.

வீட்டுக்கு வந்து இருவரும் தலை முழுகினோம். அம்மா சாமிவிளக்கைக் கொளுத்தி, எனக்கு விபூதி பூசிவிட்டா. அப்பா நித்திரையால் எழும்பி வந்து விசயம் கேட்டார்.

“நாளைக்குப் போறாவாம். எப்ப வாறதெண்டு சொல்லேல்லை” என்றா அம்மா.

“எப்பிடிச் சொல்லுறது? அந்த மனுசிக்கு இஞ்சை இருக்கக் காட் இல்லையெல்லே. விசா இல்லாமல் ஒளிச்சுத்தானே இவ்வளவு காலமும் இருந்தவ. போனா, பிறகு இஞ்சாலை வரேலாது.”

அம்மாவின் கையில் விபூதித் தட்டு. அதைக் கீழே வைக்கவில்லை.

“உங்களுக்கு முதலே தெரியுமே?”

“தெரியும்.”

“ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

“நீ கேட்டனியே?”

அம்மா தட்டை வைத்துவிட்டு என் கையைப் பிடித்தா. ஈரத்தலையோடு மறுபடியும் மேலே ஏறினோம். விளக்கு வைத்தபின் செத்தவீட்டுக்குப் போகிற ஆள் அல்ல அம்மா. ஆறாம் மாடியில் அறை பூட்டிக் கிடந்தது. பக்கத்து அறைக்காரன் கதவை நீக்கி, சிநேகிதி ஒருத்தி வந்து பெட்டியோடு கூட்டிக்கொண்டு போய்விட்டாள், அங்கிருந்துதான் விடிய விமான நிலையத்துக்குப் போவாராம் என்று சொல்லிவிட்டுச் சாத்திக்கொண்டான். நாங்கள் குளித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் அவர் எங்கள் வாசலைக் கடந்து இறங்கியிருக்க வேண்டும்.

வழக்கத்தைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. இன்றைக்கும் செத்தவீட்டில் நான் சொல்லிக்கொண்டு வருவதில்லை, என் பிள்ளைகளுக்கும் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறேன். ஆனால் சொல்லாமல் வருவதென்றால், பிறகு ஒருநாள் காண்போம் என்ற நம்பிக்கை அதற்குள் இருக்கிறதல்லவா? அன்ரிக்கு அது தெரிய நியாயமில்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம், பிள்ளை முகம் கொடாமல் போய்விட்டது என்பதுதான்.

அம்மா பூட்டிய கதவில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, “தங்கச்சி, போட்டு வாங்கோ. கவனமாப் போட்டு வாங்கோ” என்றா.

“உள்ளை ஒருத்தரும் இல்லையம்மா, ஆரோடை கதைக்கிறியள்?” என்று நான் சிரித்தேன். அம்மா சேலைத்தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அங்கேயே நின்றா. எனக்கானால் ஒரே ஒரு கவலைதான் இருந்தது. பொயிலர் தண்ணீர் முடிந்திருக்கும், மறுபடியும் பச்சைத் தண்ணீரில் தலை முழுக வேண்டி வருமே என்று.