சரோஜாம்மா கையைப் பிடிக்கும் கேட்

போன ஞாயிற்றுக்கிழமை, விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகும் பஸ்ஸில் என் மடியில் ஒரு வெல்டிங் மிஷின் இருந்தது.

கண்டக்டர் குனிந்து பார்த்தார். "இன்னாம்மா இது, மிக்சியா?"

"வெல்டிங் மிஷின்ணா."

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

கொஞ்சம் யோசித்தார். "கடைசி சீட்டு கம்பி ஆடிக்கினே இருக்குது. டிக்கெட்டுக்குப் பதிலா அதை ஒட்டிக் குடுத்துட்டுப் போயேன்."

பஸ்ஸே சிரித்தது. கூட்டேரிப்பட்டில் மழை பிடித்துக்கொண்டது. ஜன்னலை இறக்கிவிட்டேன்.

லிஸ்ட் போடாமல் நான் உப்புகூட வாங்க மாட்டேன் என்பது இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும். வெல்டிங் மிஷினுக்கு மட்டும் விட்டுவிடுவேனா? திண்டிவனத்தில் அக்கா வீட்டுப் பின்பக்க இரும்பு கேட்டின் கீல் விட்டுப்போய்விட்டது. கேட் சாய்ந்து நிற்கிறது. அக்காவின் குழந்தை ஓடியாடும் வயது. அது மேலே விழுந்துவிட்டால்? ஆனால் ஒரே ஒரு கீலுக்காக யார் வருவார்கள்? "அந்தப் பக்கம் வந்தா பாக்கறேம்மா" என்பார்கள். அந்தப் பக்கம் வரவே மாட்டார்கள்.

சரி, நாமே வாங்கிவிடலாம் என்று இறங்கினேன்.

பழைய ட்ரான்ஸ்பார்மர் மிஷின் வேண்டாம் — தூக்கவே ஆள் தேட வேண்டும். வீட்டுக்கு இன்வெர்ட்டர் மிஷின் போதும். தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறலாம். அட்டைப்பெட்டியில் பெரிய எழுத்தில் அச்சடித்திருக்கும் ஆம்பியரைப் பார்த்து மயங்காதீர்கள். கேட், கிரில், பூந்தொட்டி ஸ்டாண்டு — இதற்கெல்லாம் மெல்லிய வெல்டிங் ராடு ஒழுங்காக எரிந்தால் போதும். கடைக்காரரிடம் கேட்க வேண்டியது வேறு. தொடர்ந்து எவ்வளவு நேரம் ஓட்டலாம், எவ்வளவு நேரம் ஆறவிட வேண்டும்? சாயங்காலம் வோல்டேஜ் இறங்கும்போது ராடு இரும்போடு ஒட்டிக்கொள்ளுமா? நம் வீட்டு பிளக் பாயிண்ட் இதைத் தாங்குமா? ஒயர் நீளமாக இருக்கிறதா? வேலை செய்யும் இரும்பைக் கவ்விப் பிடிக்கிற எர்த் கிளாம்ப் கனமானதா, வெறும் தகரமா? முகக்கவசத்தில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது... கண் இரண்டுதான்.

எல்லாவற்றுக்கும் டிக் போட்டுத்தான் வாங்கினேன். ஒன்றை மட்டும் கேட்கவில்லை. அது லிஸ்ட்டிலேயே இல்லை.

அக்கா வீட்டை அடைந்தபோது மழை விட்டிருந்தது. மதியம்தான், ஆனாலும் விளக்குப் போட வேண்டிய இருட்டு. பின்வாசலில் ஒரு வரிசை ரப்பர் செருப்புகள். வீட்டில் இருக்கிற கால்களைவிட அதிகம். இவ்வளவு எதற்கு என்று நினைத்தேன், கேட்கவில்லை.

"செருப்பு போட்டுக்கினு போ" என்றார் அத்தை, அக்காவின் மாமியார். ஈரம், வழுக்கும் என்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். ஒயர் எட்டுகிறதா என்று பார்க்கத்தானே? வெறுங்காலோடு இறங்கினேன்.

துணி துவைக்கும் இடம், ஒரு குழாய், அதை ஒட்டி அந்த கேட். கேட்டுக்கு அந்தப் பக்கம் பூட்டிய வீடு ஒன்று. மிஷினைத் திட்டில் வைத்தேன். கேட்டில் கிளாம்ப் பிடிக்கும் இடத்தில் துரு. அதைத் துடைக்க விரலை வைத்தேன்.

யாரோ உள்ளங்கையைப் பிடித்தார்கள்.

அடி இல்லை. சுண்டி இழுத்தலும் இல்லை. மெல்லிய, நடுங்குகிற பிடி... கையைப் பறித்துக்கொண்டு மிஷினைப் பார்த்தேன். அதன் பிளக், சொருகப்படாமல், என் தோளில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

பின்னாலிருந்து அத்தையின் குரல். "பிடிச்சாங்களா?"

"யாரு?"

"சரோஜாம்மா. பின்னாடி வீட்டுக்காரங்க. செத்துப்போய்ட்டாங்களே, உனக்குத் தெரியாது?"

பால் பொங்கிவிட்டது என்று சொல்வதைப் போலச் சொன்னார். அக்கா சங்கடமாகச் சிரித்தாள். "மழை நாள்லதான்டி. செருப்பு போட்டுக்கினா ஒண்ணும் பண்ண மாட்டாங்க."

"செருப்புக்கு பேய் பயப்படும்ல? உங்க காலேஜ்ல இதெல்லாம் சொல்லித் தரல போல" என்றார் அத்தை. பிறகு குரலை இறக்கினார். "உசுரோட இருந்தப்பவும் அப்டித்தான். கையைப் பிடிச்சிக்கினுதான் பேசுவாங்க. அடுப்புல கொழம்பு தீஞ்சாலும் விட மாட்டாங்க. தனியா கெடந்தவங்க இல்லியா... யாராவது கெடச்சா போதும்."

அக்காவின் புடவைக்குப் பின்னாலிருந்து பாப்பா எட்டிப் பார்த்தாள். "கேட் கடிக்கும் சித்தி."

எனக்கு முதுகு சில்லிட்டது. சரோஜாம்மாவால் இல்லை.

டெஸ்டரை எடுத்து வந்து — இந்த முறை ஷூவோடு — கேட்டில் வைத்தேன். டெஸ்டருக்குள் சின்னதாக ஆரஞ்சு வெளிச்சம், கரண்ட் இருக்கிறது. உள்ளே போய் மெயின் ஸ்விட்சை இறக்கினேன். ஃபேன் நின்றது, ஃப்ரிட்ஜ் நின்றது, வீடே மூச்சடங்கியது. திரும்பி வந்து வைத்தேன்.

இன்னும் எரிந்தது.

அக்கா வீட்டில், கரண்ட் கசிந்தால் தானே அணைந்துவிடும் லீக்கேஜ் பிரேக்கர் உண்டு. ஆனால் அது தன் வீட்டுக் கரண்டை மட்டும்தான் காவல் காக்கும். இது இந்த வீட்டுக் கரண்ட் இல்லை. அப்படியானால் யார் வீட்டுடையது?

கேட்டின் சட்டத்தோடு சேர்த்துப் பட்டை போட்டு, ஒரு பழைய இரும்புக் குழாய் மண்ணுக்குள் இறங்கியது. "இது எங்கேயிருந்து வருது அத்தை?"

"அந்த வீட்டு போர்லேர்ந்து. ரெண்டும் முன்னாடி அண்ணன் தம்பி வீடு. ஒரே போர்தான். நாங்க இதை வாங்கினப்புறம் அந்தத் தண்ணி எடுக்கறதில்ல, கொழா அப்டியே கெடக்குது."

தெருவைச் சுற்றிக்கொண்டு அந்த வீட்டு முன்பக்கம் போனேன். பூட்டில் துரு. ஜன்னல் திரை பாதி இழுத்தபடி, யாரோ இப்போதுதான் எட்டிப் பார்த்துவிட்டு விட்டதுபோல. வாசல் சுவரில் மீட்டர் பெட்டி. அதன் சின்ன சிவப்பு விளக்கு ஒருமுறை சிமிட்டியது. பிறகு ஒன்றுமில்லை. அவ்வளவுதான் என்று திரும்பும்போது... மறுபடியும் ஒரு சிமிட்டல்.

யாருமில்லாத வீட்டில் மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

திரும்பி வந்து, யாரும் பின்பக்கம் இறங்க வேண்டாம் என்றேன். அக்கா அப்போதுதான் உட்கார்ந்தாள். "தெனம் அங்கதான்டி இவளைக் குளிப்பாட்டறேன்."

"எப்படி?"

"டப்புல நிக்க வெச்சு."

"பிளாஸ்டிக் டப்புதானே?"

"ஆமா."

அக்கா பாப்பாவை மடியிலிருந்து இறக்கவில்லை. ஈரத் தரையில் வெறுங்காலோடு அவள் அந்த கேட்டைப் பிடித்து நின்றிருந்தால் என்றுதான் எனக்கு ஓடியது.

போன் போட்டதும் லைன்மேன் ஜல்தியாகவே வந்துவிட்டார். போஸ்ட்டில் ஏறி அந்த வீட்டு ஒயரைக் கழற்றினார். மீட்டரின் சிவப்புக் கண் மூடிக்கொண்டது. "மோட்டாருக்குப் போற ஒயரு எங்கியோ தோல் உரிஞ்சு கொழாய்ல பட்டுக்கினு இருக்கும்மா. காய்ஞ்ச மண்ணுல தெரியாது. மழை பெஞ்சா பேஜாரு" என்றார்.

குவைத்தில் இருக்கும் சரோஜாம்மாவின் மகனுக்கு அக்கா வீடியோ கால் போட்டாள். பில் கட்டாவிட்டால் கனெக்‌ஷனை எப்போதோ பிடுங்கியிருப்பார்களே, யார் கட்டினார்கள்?

"நான் எங்க கட்டினேன் அக்கா? பில்லு ஜீரோன்னுதான் வந்துக்கினு இருந்துச்சு. ஆளில்லாத வீடு, ஜீரோதானே வரும்னு இருந்துட்டேன்."

நூறு யூனிட் வரை இலவசம் அல்லவா? கசிந்தது அந்த இலவசத்துக்குள்ளேயே அடங்கிவிட்டது. கேட்பாரில்லாமல், கணக்கில் வராமல், இரவும் பகலும் அந்த வீடு மண்ணுக்குள் கரண்டை விட்டுக்கொண்டே இருந்திருக்கிறது.

குழாயை அறுத்து எடுத்தேன். மிஷினைச் சொருகினேன். கிளவுஸ், முகக்கவசம், ஷூ. கீல் ஒட்டியது. என் முதல் வேலை, கொஞ்சம் திட்டுத்திட்டாகத்தான் வந்தது. கேட் நேராக நின்றது, அது போதும்.

பேய் என்று நினைத்ததில் எனக்குப் பெரிய புகார் இல்லை. செருப்பு வேலை செய்ததுதான் வினை. வேலை செய்யாமல் போயிருந்தால் அக்கா வீட்டார் என்றைக்கோ யாரையாவது கூப்பிட்டிருப்பார்கள். உங்கள் வீட்டில் அப்படி ஒன்று இல்லையா? "அந்த ஸ்விட்சை மட்டும் குச்சியால தட்டு." "கிரைண்டரை மிதியடி மேல நின்னு போடு." சமாளிக்க ஒரு வழி கிடைத்துவிட்டால் அதை ஆபத்து என்று சொல்வதையே நிறுத்திவிடுகிறோம், வீட்டுப் பழக்கம் என்கிறோம். அப்புறம் செருப்பு போடத் தெரியாத ஒரு குழந்தை நடக்கப் பழகுகிறது.

என் லிஸ்ட்டில் இப்போது எல்லாவற்றுக்கும் மேலே ஒரு வரி இருக்கிறது: எந்த மிஷின் என்று யோசிக்கும் முன்னால், ஒட்டப்போகும் இரும்பில் டெஸ்டரை வைத்துப் பார்.

கிளம்புகிற நேரம். சொல்லிக்கொண்டு போகலாம் என்று அத்தையைத் தேடினேன். பின்பக்கம் நின்றிருந்தார். செருப்பு வாசலிலேயே இருந்தது. ஈரத்தில் வெறுங்காலோடு, உள்ளங்கையை கேட்டின் மேல் வைத்தபடி, தேவைக்கு மேல் நேரம் நின்றார்.

"என்ன அத்தை?"

"ஒண்ணுமில்ல" என்றார், கையை எடுக்காமல். "பேச்சு முடிஞ்சிட்ச்சு."

பையிலிருந்து டெஸ்டரை எடுத்து, அவர் கைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதுவும் அதையேதான் சொன்னது.