வலது பக்கம் பற்ற வைத்தேனா

லாரிகளுக்குப் பட்டை ஸ்பிரிங் மாற்றுவது என் தொழில். ராஜபாளையத்தில் தென்காசி ரோட்டில் பட்டறை. சுண்ணாம்புக் கல் லாரி, செங்கல் லாரி, டிராக்டர் டிரெய்லர் என்று பாரம் தாங்காமல் ஒடிந்து வருகிற எதையும் பார்த்து நான் பயந்ததில்லை. பயந்தது ஒரு காருக்குத்தான்.

நான் பிறப்பதற்கு முன்பே அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த கார் அது. இரண்டே கதவு, முன்னால் எட்டு சிலிண்டர் இன்ஜின், நீளமான மூக்கு. அதன் சொந்தக்காரர் ஆஸ்பத்திரிக்குப் பேண்டேஜ் துணி நெய்கிற ஃபேக்டரி வைத்திருக்கிறவர். ஊரில் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி, எனக்கும் அப்படித்தான். அவருக்குப் பின்னால் அகலமான டயர் போட ஆசை. ஆனால் டயருக்கும் பட்டைக்கும் நடுவில் ஒரு விரல் நுழையத்தான் இடம் இருந்தது. டயர் அகலமாக வேண்டுமென்றால் பட்டை உள்ளே தள்ளிப் போக வேண்டும்.

அப்படிப் பட்டையை உள்ளே தள்ளுகிற ஒரு வீடியோவைச் செல்போனில் காட்டினார். "இம்புட்டுத்தான் தம்பி. நீ தினம் பாக்குத வேலைதான?"

"லாரின்னா ஒடிஞ்சதைக் கழட்டிட்டு அதே எடத்துல வேற போடுவேன் அண்ணாச்சி. இது எடத்தையே மாத்துதது."

"மாத்து. உன் கையில குடுக்கேன்."

அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம் அவர். நம்பி விட்டுப் போன வண்டியை முதல் வெட்டு வெட்டுவதற்குள் அளவை மூன்று தடவை பிடித்துப் பார்த்தேன். பெட்ரோல் டேங்க் இருந்த இடத்தில்தான் பட்டையின் பின் முனை வந்து தொங்க வேண்டும் என்பதால் டேங்க்கைக் கழற்றித் தெருவுக்கு அந்தப் பக்கம் வைத்தேன். அப்படியும் பெட்ரோல் வாடை போகவில்லை. தீப்பொறி பறந்த ஒவ்வொரு தடவையும் கட்டரை நிறுத்தி முகர்ந்து பார்த்தேன்.

பின் சக்கரங்கள் இரண்டையும் இணைக்கிற இரும்புக் குழாய்க்கு ஹவுசிங் என்று பெயர். அதன் அடியில் இரண்டு பக்கமும் பட்டை உட்காருவதற்குத் தாங்கி இருக்கும். பழைய தாங்கிகளை அறுத்துவிட்டு, நாலு விரற்கடை உள்ளே தள்ளிப் புதிதாகப் பற்ற வைக்க வேண்டும். முதலில் நான்கு மூலையிலும் பொட்டு வைத்தாற்போல் சின்னதாக வைத்துக்கொள்வோம். அதை டேக் அடிப்பது என்போம். வண்டியை இறக்கிச் சாய்மானம் சரி பார்த்த பிறகுதான் முழுசாக வெல்டு. ஒரேயடியாக வைத்தால் சூட்டில் குழாய் வளைந்துவிடும். கொஞ்சம் வைத்து, ஆறவிட்டு, மறுபடி வைக்க வேண்டும்.

இடது பக்கத்தை முடித்தபோது கரண்ட் போனது. கரண்ட் வருவதற்குள் ஆலங்குளத்துக்குப் போக வேண்டிய லாரி ஒன்று மெயின் பட்டை ஒடிந்து வாசலில் வந்து நின்றது. அவசரம் என்று டிரைவர் கெஞ்சினார். சாயந்திரம் வரை அந்த லாரியோடு போயிற்று. அதற்குள் பக்கத்துப் பட்டறை பெயிண்டர் வந்து, என்னிடம் சொல்லிவிட்டு, ஹவுசிங் முழுக்கக் கறுப்பு அடித்துவிட்டுப் போனார். நானும் தலையாட்டியிருக்கிறேன். அடுத்த இரண்டு நாளில் எல்லாவற்றையும் மாட்டி, டேங்க்கைச் சின்னதாகச் செய்து பொருத்தி, சனிக்கிழமை வண்டியைக் கொடுத்தேன். தெருவுக்குள் மெதுவாக ஓட்டிப் பார்த்தோம். நன்றாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பட்டறையைக் கூட்டும்போது தரையில் சாக்பீஸ் கோடுகளைப் பார்த்தேன். ஒவ்வொரு தடவை வெல்டு வைத்ததும் ஒரு கோடு போடுவது என் வழக்கம். இடது பக்கத்துக்கு ஆறு கோடு. வலது பக்கத்துக்கு டேக் அடித்ததற்கான வட்டம் மட்டும்தான் இருந்தது.

துடைப்பத்தைக் கீழே போட்டேன். வலது பக்கக் கோடுகள் இருந்திருக்க வேண்டிய இடத்தில்தான் அன்று உள்ளே விட்ட அந்த லாரியின் சக்கரம் நின்றது. டயர் அழித்திருக்கலாம். இல்லை, கோடே போடாமல் இருந்திருக்கலாம். கண்ணை மூடி யோசித்தேன். வலது பக்கம் வெல்டு வைத்த ஞாபகம் இருக்கிற மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. எத்தனையோ வண்டிக்கு எத்தனையோ வெல்டு வைத்த கை. எந்த ஞாபகம் எந்த வண்டிக்கு என்று எனக்கே தெரியவில்லை.

அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி போட்டேன். எடுக்கவில்லை. ஃபேக்டரி வாட்ச்மேனுக்குப் போட்டேன்.

"இன்னைக்கு அவிய மக நிச்சயதார்த்தம்லா. ஸ்ரீவில்லிபுத்தூர் போயிருக்காவ. அந்தக் கார்லதான் போனாவ, அம்மாவும் பிள்ளையும் பொறத்தால உக்காந்து. இப்பத்தான், செத்த நேரத்துக்கு முன்ன."

பட்டறைக்குப் பின்னால் இருக்கிற வீட்டுக்குள் போய் என் பைக் சாவியைத் தேடினேன். மனைவி என் முகத்தைப் பார்த்துவிட்டு அடுப்பை அணைத்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

"வெல்டு இல்லன்னா என்ன ஆகும்?" என்று கேட்டாள்.

"மெதுவாப் போனா ஒண்ணும் ஆகாது. அழுத்தி மிதிச்சா ஹவுசிங் அப்பிடியே திரும்பிரும். இன்ஜின்ல இருந்து வர்ற நடு ராடு ஒடிஞ்சு ரோட்டுல குத்தும்."

"அவிய மெதுவாப் போற ஆளா?"

சாவியைக் கையில் எடுத்துக்கொண்டேன். "இங்க நின்னு என்ன செய்யுதீய? போங்க. நான் போன் போட்டுக்கிட்டே இருக்கேன்" என்றாள்.

ஸ்ரீவில்லிபுத்தூர் எவ்வளவு தூரம் என்று யாராவது கேட்டால் பத்துப் பதினோரு கிலோமீட்டர் என்று சாதாரணமாகச் சொல்லுவேன். அன்றைக்கு அது முடியவே இல்லை. முன்னால் எங்கே கூட்டம் தெரிந்தாலும் வேகத்தைக் குறைத்து எட்டிப் பார்த்தேன். ஓரிடத்தில் நாலைந்து பேர் ரோட்டோரம் குனிந்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். கை தானாக பிரேக்கைப் பிடித்தது. கிட்டே போனால், சாக்கு பிரிந்து கொட்டிய மாங்காயைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அப்புறம் இரண்டு கறுப்புக் கோடுகள் தாரில் நீளமாக இழுத்திருந்ததைப் பார்த்தேன். அகலமான டயர் தேய்ந்த கோடு. அங்கேதான் அழுத்தியிருக்கிறார். கோடு நேராக இருந்தது என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு மேலே போனேன்.

தேரடிக்குப் பக்கத்தில் ஒரு மண்டபம். வாசலில் அந்தக் கார் நின்றது. பத்துப் பேர் அதைச் சுற்றி நின்று செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் வண்டியை ஸ்டாண்ட் போடாமலே சாய்த்துவிட்டு ஓடினேன். மண்டபத்துக்குள் போய் அவரைக் கூப்பிடத் தைரியம் வரவில்லை. நேராகக் காருக்குப் பின்னால் போய், சக்கரத்துக்குக் கல் அண்டக் கொடுத்து, மல்லாந்து படுத்து உள்ளே நகர்ந்தேன்.

என் நெஞ்சுக்கும் காரின் அடிக்கும் நடுவில் ஒரு சாண்கூட இல்லை. சைலன்ஸர் சூடு கன்னத்தில் அடித்தது. மேலே இருப்பதைத் தாங்கிக்கொண்டிருப்பது நான் வைத்த வெல்டுதான் என்ற நினைப்பு வந்தது. போனில் டார்ச்சைப் போட்டு, வலது தாங்கியின் உள்பக்கம் பார்த்தேன்.

வெல்டு இல்லை. கறுப்புப் பெயிண்ட்டுக்கு அடியில் நான்கு பொட்டு மட்டும். அதில் முன்பக்கத்து இரண்டிலும் பெயிண்ட் வெடித்து, மயிரிழை மாதிரி வெள்ளையாக இரும்பு தெரிந்தது. இரண்டும் விட்டுப்போயிருந்தன. இடது பக்க வெல்டும் மிச்சம் இரண்டு பொட்டும்தான் அவர்களை இங்கே கொண்டுவந்து சேர்த்திருக்கின்றன.

யாரோ காலைத் தட்டினார்கள். வெளியே வந்தால் அண்ணாச்சி. பட்டு வேட்டி, சட்டைப் பையில் சந்தனம் பட்ட கைக்குட்டை. பின்னால் அவர் மனைவி, சம்பந்தி வீட்டு ஆண்கள் இரண்டு பேர்.

"என்ன தம்பி, இங்க என்ன செய்யுத?"

ஏதாவது பொய் சொல்லியிருக்கலாம். நட்டை முறுக்க வந்தேன் என்று சொன்னால் நம்பியிருப்பார். அந்தப் பொய் நாக்கு நுனி வரை வந்தது.

"வலது பக்கம் வெல்டு வைக்காம விட்டுட்டேன் அண்ணாச்சி. மறந்துட்டேன். இத இதுக்கு மேல ஓட்டப்படாது. ரெண்டு டேக் விட்டுருச்சு."

அவர் திட்டுவார், அடிப்பார் என்றுதான் நின்றேன். அவர் காரைப் பார்த்தார். பிறகு மண்டப வாசலில் மாலையோடு நின்ற மகளைப் பார்த்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"டக்குன்னு ரெண்டு தடவ சத்தம் கேட்டுச்சு" என்றார் மெதுவாக. "மிதிச்சப்ப. கல்லு தெறிக்குதுன்னு நினைச்சேன்."

அவர் மனைவி அவர்கள் வீட்டில் பேசுகிற தெலுங்கில் ஏதோ வேகமாகச் சொன்னார். "ஆகு, ஆகு" என்று அவர் கையால் அமர்த்தினார். அந்த அம்மா நிறுத்தவில்லை. என் பக்கம் திரும்பித் தமிழில் கேட்டார்: "எம் பிள்ளைக்கு ஏதாவது ஆயிருந்தா நீ என்ன சொல்லுவ?"

நான் கார்ச் சாவிக்காக அண்ணாச்சியிடம் கையை நீட்டினேன்.

அவர்கள் சம்பந்தி வீட்டு வேனில் திரும்பிப் போனார்கள். நான் ஒரு டிரெய்லர் பிடித்துக் காரை ஏற்றிக் கொண்டுவந்தேன். மறுநாள் வேறு பட்டறைக்குக் கொண்டுபோய்விடுவார் என்று எதிர்பார்த்தேன். காலையில் அண்ணாச்சியே வந்து ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். "வை. நான் பாக்கேன்" என்றார். ஹவுசிங்கைக் கழற்றி, பெயிண்ட்டைச் சுரண்டி, விட்டுப்போன டேக்கைத் தேய்த்துவிட்டுப் புதிதாக வைத்தேன். ஒவ்வொரு தடவை ஆறவிடும்போதும் நான் தரையில் கோடு போட்டேன், அவர் எண்ணினார். வலது பக்கம் ஆறு முடிந்ததும் இடது பக்கத்தையும் சுரண்டிக் காட்டச் சொன்னார். காட்டினேன்.

பிறகு என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கிருஷ்ணன்கோவில் வரை ஓட்டினார். கதவுப் பிடியை விடவே இல்லை நான். ரோடு காலியாக இருந்த இடத்தில், "அழுத்தவா?" என்று கேட்டார்.

"வேண்டாம் அண்ணாச்சி."

அவரும் அழுத்தவில்லை. காலேஜ் பஸ் ஒன்று எங்களை முந்திக்கொண்டு போயிற்று.

மகள் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. எங்களுக்கும் பத்திரிகை வந்தது. நான் போகவில்லை, மனைவி மட்டும் போய் வந்தாள். அந்த அம்மா அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்க வீட்டுக்காரர் வந்து சொன்னாரு, இல்லன்னா திரும்பி வரும்போது போய்ச் சேந்திருப்போம்" என்றாராம். கையில் வெற்றிலை பாக்குக் கொடுத்துவிட்டு, "ஆனா நான் இனிமே அந்தக் கார்ல ஏற மாட்டேன்" என்றும் சொன்னாராம்.