பதினோராவது அறிக்கை

துறையில் அவளைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. கையேட்டக்கா என்பார்கள். அரசியல் அறிவியலில் முனைவர் பட்டம் பெற என்னென்ன தகுதி வேண்டும் என்று பல்கலைக்கழகம் அச்சடித்திருந்த நாற்பது பக்கக் கையேடு அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். புதிதாகச் சேர்ந்தவர்கள் அலுவலகத்தில் சந்தேகம் கேட்டால் நாளைக்கு வரச் சொல்வார்கள். அவளிடம் கேட்டால் பக்க எண்ணோடு பதில் வரும்.

அவளுக்கு வயது நாற்பத்திரண்டு. ஒரு மாலைக் கல்லூரியில் பதினோரு ஆண்டுகளாக மணிக்கு இவ்வளவு என்ற சம்பளத்தில் பாடம் எடுக்கும் விரிவுரையாளர். நிரந்தர வேலைக்கு முனைவர் பட்டம் வேண்டும். வரும் ஜூன் மாதம் ஓர் இடம் காலியாகிறது என்று கல்லூரி முதல்வர் சொல்லியிருந்தார். "பட்டத்தோட வாங்க, நாற்காலி ரெடியா இருக்கு. இல்லன்னா வேற ஆளு உட்காருவாங்க, என்னைக் குத்தம் சொல்லாதீங்க" என்றார்.

ஆறு ஆண்டுகளில் ஒவ்வொரு படியாக ஏறி வந்திருந்தாள். முதல் ஆண்டில் ஆறு தாள்கள். அடுத்தது பொதுத் தேர்வு: அரசியல் கோட்பாடு, ஒப்பீட்டு அரசியல், பன்னாட்டு உறவு, பொது நிர்வாகம். நான்கையும் இரண்டே நாளில், நாளுக்கு எட்டு மணி நேரம் எழுத வேண்டும். காய்ச்சலோடு எழுதித் தேறினாள். புள்ளியியலில் ஒரு முறை தோற்றாள். அவள் கணவன் லிஃப்ட் மெக்கானிக். எண்ணெய்க் கையைத் துடைத்தபடியே அவன் பாடம் நடத்தினான்.

"எட்டு பேர் ஏறுற லிஃப்ட்ல பத்து பேர் ஏறுவானுங்க. கேட்டா ஒவ்வொருத்தனும் நான் ஒல்லிதானேன்னுவான். உன் சராசரி அவ்வளவுதான். எவன் குண்டுன்னு அது சொல்லாது."

இரண்டாம் முறை தேறினாள். பிறகு ஓர் அயல்மொழி. அகராதியைக் கட்டி அழுது, இரண்டு பக்கம் மொழிபெயர்த்துக் காட்டித் தேறி, மறுவாரமே மறந்தாள். அந்த மொழியில் அவள் ஆய்வுக்கு ஒரு வரிகூடத் தேவைப்படவில்லை. ஆனால் கையேட்டில் இருந்தது. இரண்டு கட்டுரைகள் வெளியாகியிருக்க வேண்டும் என்பதும் இருந்தது. எழுதியது அவள். இரண்டிலும் நெறியாளரின் பெயர் முன்னால் வந்தது. அதற்கு மட்டும் கையேட்டில் பக்க எண் கிடையாது.

ஆய்வேடு, சாதாரண மக்கள் அலுவலகங்களில் கொடுக்கும் மனுக்கள் என்னவாகின்றன என்பதைப் பற்றியது. மூவாயிரம் மனுக்களைப் படித்திருந்தாள்.

இவற்றோடு இன்னொன்றும் உண்டு: அரையாண்டு அறிக்கை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை, பதினைந்தாம் தேதியிட்டு, நெறியாளர் கையெழுத்தோடு ஒரு தாள். ஆறு ஆண்டுக்குப் பன்னிரண்டு. ஒன்று விட்டுப்போனாலும் பதிவு செல்லாது.

அவளுடைய நெறியாளர் பெரிய பேராசிரியர். அதிகாரம் எப்படிக் கண்காணிக்கப்பட வேண்டும் என்று மூன்று புத்தகம் எழுதியவர். அவள் சேர்ந்த அன்றே பன்னிரண்டு வெற்றுத் தாள்களை வரிசையாக மேசையில் போடச் சொல்லி, அத்தனையிலும் அடியில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். "தேதியை நீயே போட்டுக்கம்மா. சும்மா சும்மா வந்து என் நேரத்தைத் தின்னாத." முதல் நாளே தன்னை இவ்வளவு நம்புகிறாரே என்று அவள் அன்று நெகிழ்ந்துபோனாள். பிறகுதான் தெரிந்தது, அந்தத் துறையில் எல்லாப் பேராசிரியர்களும் இப்படித்தான். ஒருவர் தன் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்த மாணவர்களுக்குக்கூட ஒரு கட்டுத் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாராம்.

பதினோராவது அறிக்கைக்கான மாதத்தில் பேராசிரியர் மூன்று வாரமாக மருத்துவமனையில் இருந்தார். மாலைக் கல்லூரியில் தேர்வு நேரம். அவளுக்குத் தினமும் மேற்பார்வை. பதினைந்தாம் தேதி வர முடியாது என்று பத்தாம் தேதியே தாளை நிரப்பி, பதினைந்து என்று தேதியிட்டு, தலைமை எழுத்தரிடம் கொடுத்தாள். பதின்மூன்றாம் தேதி விடியலில் பேராசிரியர் இறந்தார். பதினான்காம் தேதி துறைக்கு விடுமுறை. அவள் சவ ஊர்வலத்தில் நடந்தாள், அழுதாள். தாள் அவள் நினைவில் இல்லை. பதினைந்தாம் தேதி காலை அலுவலகம் திறந்ததும் தலைமை எழுத்தர் செய்த முதல் வேலை, தட்டில் கிடந்த தாள்களுக்கு முத்திரை குத்தியது.

அதன்பின் துறைத்தலைவரே அவளுக்கு நெறியாளரானார். பன்னிரண்டாவது அறிக்கையில் அவர் கையெழுத்திட்டார். ஆய்வேட்டை ஒப்படைத்தாள். வாய்மொழித் தேர்வுக்கு நாள் குறிக்க வேண்டியதுதான் பாக்கி என்றிருந்தபோது, தேர்வுப் பிரிவில் யாரோ ஒருவர் இரண்டு தேதிகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். செத்தவர் இரண்டு நாள் கழித்து எழுந்து வந்து கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

மோசடி என்று குறிப்பு வந்தது. விசாரணைக் குழு அமைந்தது. குழுத் தலைவர், துறைத்தலைவர்தான்.

அவள் முதலில் தலைமை எழுத்தரிடம் போனாள்.

"அண்ணே, பத்தாம் தேதியே கொடுத்தேன்ல. அதை மட்டும் சொல்லுங்க."

"கொடுத்தியாம்மா? ஒரு நாளைக்கு நூறு பேப்பர் வருது" என்றார் அவர், குனிந்த தலை நிமிராமல். சற்று கழித்துத் தாழ்ந்த குரலில், "எனக்கு இன்னும் ரெண்டு வருஷம் சர்வீஸ் இருக்கு. வயித்துல அடிச்சிராத" என்றார்.

அடுத்து, துறைத்தலைவரிடம் ஆய்வு செய்யும் இளையவளிடம் போனாள். அவளுடைய வெற்றுத் தாள்களை எப்படி நிரப்புவது என்று சொல்லிக் கொடுத்ததே கையேட்டக்காதான்.

"உன்கிட்ட இருக்கிற தாளைக் காட்டினா போதும்டி. இது எல்லாரும் பண்றதுதான்னு தெரிஞ்சிரும்."

"வரேங்க்கா. கண்டிப்பா வரேன்."

கணவனிடம் மட்டும் முழுதாகச் சொன்னாள். அவன் சிரிக்கவில்லை. "லிஃப்ட் அறுந்து விழுந்தா முதல்ல மெக்கானிக்கைத்தான் பிடிப்பாங்க. கயிறு மாத்தணும்னு நாலு தடவை எழுதிக் கொடுத்தேனேன்னா, அந்தக் காகிதம் எங்கன்னுவாங்க. உன்கிட்ட காகிதம் இருக்கா?"

இருந்தது. பேராசிரியர் கையெழுத்திட்ட பன்னிரண்டாவது தாள், ஒன்றும் எழுதப்படாமல், அவள் கோப்பில் அப்படியே இருந்தது.

விசாரணை அறையில் நீள மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேராசிரியர்கள். சுவரில் இறந்தவரின் புதிய படம். துறைத்தலைவர் கனிவாகத்தான் ஆரம்பித்தார்.

"உங்க மேல எங்களுக்கு வருத்தம் இல்லம்மா. அவசரத்துல நீங்களே கையெழுத்துப் போட்டுட்டீங்க. அப்படின்னு எழுதிக் கொடுங்க. மன்னிச்சு, மறுபடி முதல் வருஷத்துல சேத்துக்கறோம்."

"நான் போடல சார். அவர் போட்டது. சேர்ந்த அன்னைக்கே பன்னிரண்டும் போட்டுக் கொடுத்தார்."

"செத்தவர் மேல பழி போடாதீங்க. அவர் பேர்ல ஆண்டுச் சொற்பொழிவு தொடங்கப் போறோம்."

"பழி இல்ல சார். இங்க எல்லாரும் அப்படித்தான் கொடுக்கறீங்க. வெளிய உங்க மாணவி நிக்கிறா. அவ கோப்பைத் திறந்து பாருங்க."

இளையவளை அழைத்தார்கள். கோப்பு அவள் கையில் இல்லை. துப்பட்டா நுனியைத் திருகிக்கொண்டு நின்றாள்.

"உனக்கு யாராவது வெற்றுத் தாள்ல கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்காங்களா?" என்று துறைத்தலைவர், அவளுக்கு வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர், கேட்டார்.

"இல்ல சார்."

போகும்போது அவள் கையேட்டக்காவைப் பார்க்கவில்லை. இவள் அவளைப் பார்த்தாள், கோபம் வரவில்லை. அவளுக்கும் ஆறு படி இருக்கிறது, நான்கில்தான் நிற்கிறாள்.

கோப்பிலிருந்து பன்னிரண்டாவது தாளை எடுத்து மேசையில் வைத்தாள். கீழே கையெழுத்து, மேலே ஒன்றுமில்லை. மூவரும் அதையே பார்த்தார்கள். அந்தக் கையெழுத்தின் நெளிவு அவர்களுக்குத் தெரியாததல்ல. துறைத்தலைவர் தாளை எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, தன் கோப்புக்குள் வைத்து மூடினார்.

"இது உங்ககிட்ட எப்படி வந்துச்சு?"

"அதைத்தானே சார் இவ்வளவு நேரமா சொல்றேன்."

பத்து நாளில் ஆணை வந்தது. முதல் குற்றம், போலிக் கையெழுத்து. இரண்டாவது, நெறியாளர் கையெழுத்திட்ட வெற்றுத் தாளை முறையின்றி வைத்திருந்தது. முதலாவது உண்மையென்றால் இரண்டாவதற்கு வேலையே இல்லை. போலியாகப் போடத் தெரிந்தவள் அசல் தாளை எதற்குப் பூட்டி வைக்கிறாள்? மூன்று பேராசிரியர்களில் ஒருவருக்கும் இது உறைக்கவில்லை. அதில் ஒருவர் தர்க்கம் கற்பிப்பவர். பதிவு ரத்து.

வீட்டுக்கு வந்த உறவினர்கள் தலையெழுத்து என்றார்கள். நேரம் சரியில்லை என்றார்கள். எந்தக் கிரகமும் அந்தத் தாளில் கையெழுத்துப் போடவில்லை. ஒரு மனிதர் போட்டார், ஒரு மனிதர் முத்திரை குத்தினார், மூன்று மனிதர்கள் கண்ணை மூடிக்கொண்டார்கள். விதி என்று சொல்லிவிட்டால், செத்தவர் போக மற்ற நான்கு பேருக்கும் அன்று இரவு நல்ல தூக்கம் வரும்.

அந்த வாரமே கையேட்டில் ஒரு புதிய விதி ஒட்டப்பட்டது: இனி ஒவ்வொரு அறிக்கையுடனும், அன்றைய தேதியில் நெறியாளர் உயிருடன் இருக்கிறார் என்று துறை அலுவலகம் தரும் சான்றை இணைக்க வேண்டும். வெற்றுத் தாளைப் பற்றி ஒரு சொல் இல்லை.

முப்பத்தெட்டாம் பக்கத்தில் மேல்முறையீட்டுக்கு வழி இருந்தது. மனு துணைவேந்தருக்கு, துறைத்தலைவர் வழியாக மட்டுமே அனுப்ப வேண்டும். அவள் நான்கு பக்கம் எழுதினாள். தலைமை எழுத்தர் வாங்கிக்கொண்டார். சுவர் நாள்காட்டியை ஒருமுறை பார்த்தார், திரும்பவும் ஒருமுறை பார்த்தார்.

"இன்னைக்குத் தேதிதாம்மா போடுறேன்" என்றார்.

முத்திரை குத்தி, தட்டில் இருந்த அடுக்கின் அடியில் செருகினார். அடுக்கு ஒரு சாண் உயரம் இருந்தது. ஜூன் பிறக்க ஐம்பத்திரண்டு நாள் இருந்தது. இப்படி ஒரு தட்டின் அடியில் போகும் மனு பதிலோடு வெளியே வர எத்தனை நாளாகும் என்பதை ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயத்தில், மூவாயிரம் மனுக்களை வைத்து, அவளே கணக்கிட்டிருந்தாள். சராசரி நானூற்றுப் பன்னிரண்டு நாள்.

ஆறு மணிக்கு வகுப்பு இருந்தது. பையை எடுத்துக்கொண்டு படி இறங்கினாள்.