மேட்டுக்கு எதிர்க் கரை

2005 மாசி மாதம். கிழக்குத் தாம்பரத்தில் காலை ஏழு மணி பஸ்ஸைப் பிடித்தேன். சோழிங்கநல்லூர் வரை ஆறு ரூபாய் டிக்கெட். அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் கடற்கரைச் சாலை. கடலென்றாலே எனக்குப் பயம். பள்ளியில் பூகோளம் சொல்லிக்கொடுப்பவன் இப்படிச் சொல்லக் கூடாதுதான்.

போகக் காரணம் கஸ்தூரி. சிட்லபாக்கத்தில் எங்கள் தெருவுக்கு மீன் கொண்டு வருபவள். சுனாமிக்குப் பிறகு போன வாரம்தான் வந்தாள், கூடை இல்லாமல். மூத்த மகளைக் கடல் கொண்டுபோய்விட்டது. அவர்கள் வீட்டுக்குள் வந்ததோ முழங்கால் தண்ணீர். மகள் வடக்கே ஓடினாள். அங்கே கூரைக்கு மேல் வந்தது. இப்போது கணவர் ஏழுமலை அந்த வடக்குக் கரையில்தான் புது வீடு கட்டுவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாராம்.

"பாப்பா அங்கதான் கீதுன்றாரு சார். கடலு ஏன் அங்க மட்டும் அப்டி அட்ச்சிச்சுன்னு நீ வந்து சொல்லு. மிச்சம் ஒரு புள்ள கீது. அதையாவது வுட்டு வெக்கணும்" என்றாள்.

எட்டரைக்குக் கஸ்தூரியின் மீனவக் குப்பத்தில் இறங்கினேன். வெயில் ஏறியும் ஊர் அரவமற்றுக் கிடந்தது. வெளியே இருந்தவர்கள் எல்லோரும் கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்கள். வடக்கே நடந்தால் வீடுகள் சட்டென்று முடிந்தன. சிமெண்ட் தரைகள் மட்டும் வரிசையாக இருந்தன. ஒரு தரை நடுவில் ஆட்டுக்கல், குழவியோடு. குப்பத்திலிருந்து கூட வந்த நாய் அந்த எல்லையிலேயே நின்றுவிட்டது. எதிரே கடல், தட்டில் ஊற்றிய தண்ணீர்போல் அசையாமல் இருந்தது.

ஏழுமலை அங்கே புது வீட்டுக்கு நான்கு மூலையிலும் கம்பு நட்டிருந்தார்.

"பாத்தியா சார், எவ்ளோ அமைதி! உள்ள மணல்மேடு ஒண்ணு கீது. எந்த அலையும் அதுலயே ஒடஞ்சிடும். வா, காட்றேன்" என்றார்.

அவருடைய பைபர் போட்டில் ஏறினேன். ஏறியபிறகுதான் தெரிந்தது, சுனாமிக்குப் பின் அவர் கடலுக்குள் போவது அதுவே முதல் முறை. கயிற்றில் கட்டிய ஈயக்குண்டை இறக்கிப் பார்த்துக்கொண்டே போனார். ஆழத்தைப் பாகத்தில் சொல்வார்கள். இரு கையையும் விரித்தால் ஒரு பாகம். எட்டு என்றார், ஏழு என்றார், திடீரென்று இரண்டு. மேட்டின் மேல் நின்றோம்.

நான் வாத்தியார் வேலையைத் தொடங்கினேன். தினசரி அலை சின்னது, மேட்டில் உடைந்துவிடும். சுனாமி மைல் கணக்கில் நீளம், அதை ஒரு மேடு உடைக்காது. ஆழத்தில் வேகமாக ஓடும், மேட்டில் நடை தளரும். இரண்டு பக்கத்து ஆழத்தில் வரும் தண்ணீர் முந்திக்கொண்டு மேட்டுப் பக்கமாகத் திரும்பிவிடும். எல்லாம் சேர்ந்து விழுவது மேட்டுக்கு நேர் எதிர்க் கரையில்.

அவர் கரையைத் திரும்பிப் பார்த்தார். தெற்கே வீடுகள், வடக்கே தோப்பு. நடுவில் மேட்டின் அகலத்துக்கே ஒரு வெறுமை, பல் விழுந்த வாய்போல. கயிறு அவர் கையிலிருந்து நழுவியது.

"கடலு கோச்சிகினா மேட்டுக்கு எதிர்ல ஓடுன்னு பாப்பாவுக்குச் சொல்லி வெச்சதே நான்தான் சார்."

இதற்காகவா படித்தேன் என்று என் மேலேயே வெறுப்பு வந்தது. திரும்பும்போது ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "கஸ்தூரிக்குத் தெரிய வேணாம். தாங்கமாட்டா." சொல்லமாட்டேன் என்றேன்.

கரையேறியதும் நேரே போய் நான்கு கம்புகளையும் பிடுங்கினார். அதைப் பார்த்துக்கொண்டிருந்த கஸ்தூரி என்னைச் சாலை வரை கொண்டுவிட வந்தாள். பஸ் நிறுத்தத்தில் குரலைத் தாழ்த்தினாள்.

"ஒண்ணு சொல்றேன், அவர்கிட்ட சொல்லாத சார். அன்னிக்கு நான் சின்னவனத் தூக்கிகினு நிக்கறேன். பாப்பா எங்க போவட்டும்னு கேட்டுச்சு. வடக்கால கையக் காட்னது நான்தான். தெரிஞ்சா மனுசன் தாங்கமாட்டாரு."

அவளுக்கும் சரி என்றேன். திரும்பி நடந்தாள். எங்கள் சிட்லபாக்கத்தில் ஒரு வீட்டுச் சண்டை தெருவுக்கே கேட்கும். இங்கே ஒரே கூரையின் கீழ் இரண்டு பேர், ஒரே பாரத்தை ஒருவருக்கொருவர் ஒளித்துச் சுமக்கிறார்கள். இரண்டு பேருக்கும் வாக்குக் கொடுத்தவன் நான்.

பஸ் வந்து நின்றது. கண்டக்டர் இரண்டு முறை கூப்பிட்டார். நான் ஏறாமல், கஸ்தூரி போன வழியில் குப்பத்தை நோக்கி நடந்தேன்.